பாதம் கழுவிய ஞாயிறன்று ஆர்பின் சொன்னது

விசாரிக்க வந்த ஆளுக்கு ஹோபார்ட் ஸ்டேம்பர் சாப்பாடு போட்டு அனுப்பியிருக்கிறார் என்பது டெல்ஃபியா ஐசனுக்குச் சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. தபால் நிலையத்தில் வைத்து அவரே சொன்னார், பெருமையாக. லூயிவில் நகரத்துப் பக்கத்து ஆளாம். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. உங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை ஒருவர் காலை ஒருவர் கழுவுகிறீர்களாமே, அது எப்படி என்று கேட்டானாம். கேட்காதவர்களையே பிடித்து உட்காரவைத்துச் சொல்கிறவர் ஹோபார்ட். தேடி வந்து கேட்டவனை விடுவாரா? பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்து, மோர் ஊற்றி, ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். என்ன பாட்டுப் பாடினார்கள், யார் காலை யார் கழுவினார்கள், முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆர்பின் ஹோபார்ட்டின் காலைக் கழுவித் துடைத்துவிட்டு மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் போனது, அப்போது ஆர்பின் சொன்னது.

"நல்ல பையன் டெல்ஃபியா. எல்லாத்தையும் எழுதிக்கிட்டான். அடுத்த ஜூன்ல நீயே வந்து பாருப்பான்னு சொல்லியிருக்கேன்."

"ஆர்பின் சொன்னதையும் எழுதிக்கிட்டானா?"

"அதை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொன்னான்" என்றார் ஹோபார்ட்.

அவள் காரில் போய் உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. ஹோபார்ட் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், சபையைப் பற்றிக் கேட்பவன் சபையைப் பற்றித்தான் கேட்கிறான் என்று நினைத்துவிட்டார். இந்த மலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆர்பின் அவள் கணவன். பதினெட்டு வயதிலிருந்து நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரியாமல் இருக்கப் போல்ட் அடித்தவன். கூரை இடிந்து ஒருமுறை, வண்டி மோதி ஒருமுறை என்று சாவை இரண்டு தடவை பக்கத்தில் பார்த்துவிட்டு, முழு உடம்போடு ஓய்வு பெற்றான். அதன் பிறகு வந்தது மாத்திரை. அவன் அண்ணன் சாப்பாட்டு மேசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துபோன வருஷம் அது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கொழுப்பு ஏகத்துக்கும் இருந்தது. புதிதாக வந்த மஞ்சள் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். வசந்தத்தில் ஆரம்பித்தான். ஜூனில் தொடை வலித்தது. ஜூலையில் படி ஏற முடியவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனது. அதே வாரம் தொலைக்காட்சியில் சொன்னார்கள், அந்த மாத்திரையைக் கம்பெனி சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது, தசையைக் கரைத்துவிடுகிறதாம், சிலர் இறந்திருக்கிறார்களாம் என்று. கரைந்த தசை ரத்தத்தில் கலந்து ஆர்பினின் சிறுநீரகங்களை அடைத்துவிட்டிருந்தது. அவன் பிழைத்தான், சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் மலைக்கு அந்தப்புறம் டயாலிசிஸ், மற்ற நாட்களில் சக்கர நாற்காலி.

வழக்குப் போடலாம் என்று சொன்னது விட் டாலிவர். ஊருக்குள் பழைய செருப்புக் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்த வக்கீல். பன்னிரண்டு வருஷம் டெல்ஃபியா ஓட்டிய பள்ளிப் பேருந்தில் போய் வந்தவன். ஆர்பினுக்கு முதலில் இஷ்டமில்லை. பிறகு ஊரில் ஒரு பேச்சு அடிபட ஆரம்பித்தது, ஐசன் திருட்டுச் சாராயம் குடித்துக் கிட்னியைக் கெடுத்துக்கொண்டான் என்று. விட் முதலில் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, கம்பெனி அமர்த்திய மருத்துவரும் தன் அறிக்கையில் மதுப்பழக்கத்தை ஒதுக்கிவிட முடியாது என்று ஒரு வரி எழுதிவைத்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் ஆர்பின். அன்றைக்கு விட்டைக் கூப்பிட்டு அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். மாத்திரைதான் இப்படிப் பண்ணுச்சுன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

அதற்கு வழக்கு நிற்க வேண்டும். நிற்பதற்கு ஒரு கெடு இருந்தது. பாதிக்கப்பட்டவனுக்கு எதனால் பாதிப்பு என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். ஆர்பினுக்குத் தெரிந்தது ஆகஸ்டில், தொலைக்காட்சியைப் பார்த்து. விட் வழக்குப் போட்டது அடுத்த வருஷம் ஜூலையில். கெடுவுக்குள்தான். ஆர்பின் தன் வாக்குமூலத்திலும் அப்படியே சொல்லியிருந்தான், அது உண்மையும்கூட. ஆனால் அவனுக்கு ஜூனிலேயே தெரியும் என்று கம்பெனி காட்டிவிட்டால், வழக்கு சில வாரம் தாமதம். தாமதமான வழக்கை நீதிபதி திறந்துகூடப் பார்க்கமாட்டார்.

பாதம் கழுவும் ஞாயிறு ஜூனில்தான் வரும். அதைத் தேடித்தான் கம்பெனி அந்த ஆளை ஹோபார்ட்டிடம் அனுப்பியிருந்தது.

டெல்ஃபியா நேராகச் செருப்புக் கடை மாடிக்குப் போய் விட்டிடம் சொன்னாள். அவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். ஹோபார்ட் சொன்னது காதால் கேட்டதுதான், வயதானவர், ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று வாதாடலாம். பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம், மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் ஆர்பினைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட வந்தவள் அவன் மனைவி. அவளைக் கம்பெனி கட்டாயம் கூப்பிடும்.

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க மிஸ் டெல்ஃபியா. ஆமா, இல்ல. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "நெனவில்லன்னா நெனவில்லன்னும் சொல்லலாம். ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாருக்கும் எல்லாம் நெனவிருக்கணும்னு சட்டம் இல்ல."

"என் பஸ்ஸுல நெனவில்லன்னு சொன்னவங்கள நான் என்ன பண்ணேன் விட்?"

"எறக்கிவிட்டீங்க. மழையில."

"மழை பெய்யல. அதை நீயா சேத்துக்காத."

அவன் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். படி இறங்கிக் காருக்குப் போனாள்.

அவள் பயந்தது ஆர்பின் சொன்ன அந்த ஒரு வரிக்கு மட்டும் அல்ல. அதை ஒத்துக்கொண்டால் அடுத்து வரக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது. அதை விட்டிடம் அவள் சொல்லவில்லை, வீட்டிலும் பேசியதில்லை. ஆர்பினுக்கு மாத்திரை என்றாலே பிடிக்காது. அவன் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் ஒரு நாள் போட்டு மூன்று நாள் மறந்திருப்பான். அண்ணன் போன மாதிரி இவனும் போய்விடக் கூடாது என்று கிளினிக்கில் அவளிடம்தான் பொறுப்பைக் கொடுத்தார்கள், அவளும் ஏற்றுக்கொண்டாள். தினமும் காலையில் காபிக்கு முன்னால் அந்த மஞ்சள் மாத்திரையை அவன் உள்ளங்கையில் வைத்தது டெல்ஃபியா. பாதம் கழுவிய ஞாயிற்றுக்கு முன்னாலும் வைத்தாள், அடுத்த நாளும் வைத்தாள், தொலைக்காட்சியில் அந்தப் பெண் செய்தி வாசிக்கும் வரைக்கும் வைத்தாள். இது அவனுக்கும் தெரியும். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே காரில், டயாலிசிஸ் இயந்திரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, இருவரும் அதை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

சம்மன் வந்த அன்று ஆர்பின் அதைப் படித்துவிட்டு மடித்தான்.

"கேஸை விட்டுடலாம்."

"ஏன்?"

"உன்னை சாட்சி நாற்காலியில ஒக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்கன்னா எனக்கு வேணாம். ஊருல நாலு பேரு குடிகாரன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. செத்தப்புறம் எனக்குக் கேக்கவா போவுது?"

"எனக்குக் கேக்கும்" என்றாள் டெல்ஃபியா.

அந்த வாரம் முழுக்க வீட்டில் உப்புப் போட்டதா, காரில் பெட்ரோல் இருக்கிறதா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஹோபார்ட்டுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. ஒரு மாலை வாசலில் வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. தான் தவறாகக் கேட்டதாகப் போய்ச் சொல்லிவிடட்டுமா என்றார். தவறாகக் கேட்டீரா என்று ஆர்பின் கேட்டான். இல்லை என்றார். அப்புறம் என்ன, ஒரு ஆளைக் கெடுத்தது போதும், உம்மையும் சேர்த்துக் கெடுக்க நான் தயாரில்லை என்று ஆர்பின் சொல்லி அனுப்பினான். ஒரு ஆள் என்று அவன் யாரைச் சொன்னான் என்று டெல்ஃபியா யோசித்துக்கொண்டே இருந்தாள்.

வாக்குமூலம் விட்டின் அலுவலகத்திலேயே நடந்தது. நீதிபதி இல்லை, நீண்ட மேசை மட்டும். ஒரு முனையில் தட்டெழுத்துப் பொறியோடு ஒரு பெண், பேசும் ஒவ்வொரு சொல்லையும் பதிய வந்தவள். எதிரே கம்பெனியின் வக்கீல் திருமதி ப்ரெஸ்காட். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார், குரல் மிருதுவாக இருந்தது. கடுகடுப்பான ஆளை எதிர்பார்த்து வந்த டெல்ஃபியாவுக்கு அதுவே பயத்தைக் கூட்டியது. ஆர்பின் சுவரோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். அவன் வர வேண்டிய அவசியமில்லை, வருவேன் என்று வந்திருந்தான்.

வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எங்கள் சபையில் சத்தியம் செய்வதில்லை, உண்மை என்று உறுதி சொல்வோம் என்றாள் அவள். பொறிக்காரப் பெண் தலையாட்டினாள், இந்தப் பக்கத்தில் அவளுக்கு அது பழக்கம்.

முதலில் சுலபமான கேள்விகள். எத்தனை வருஷம் கல்யாணமாகி, என்ன வேலை, பிள்ளைகள் எங்கே. பேருந்து ஓட்டியதைப் பற்றித் திருமதி ப்ரெஸ்காட் உண்மையாகவே ஆர்வத்தோடு கேட்டது போல இருந்தது, பனிக்காலத்தில் அந்த மலைப்பாதையிலா என்று. டெல்ஃபியாவுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது. அப்புறம் கிளினிக், தொடை வலி, படிக்கட்டு. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது, அதே மிருதுவான குரலில்.

"அந்த வருஷம் ஜூன் மாசம், பாதம் கழுவுற ஆராதனைக்கு நீங்களும் போயிருந்தீங்க இல்லையா மேடம்?"

"ஆமா."

"உங்க கணவர் மண்டி போட்டுட்டு எழுந்திருக்க முடியாம இருந்தாரு."

"ஆமா."

"அப்ப அவரு ஏதாவது சொன்னாரா? அவசரமில்ல, யோசிச்சே சொல்லுங்க."

விட் காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிரவில்லை, பேனா மட்டும் நின்றது. கீழே தெருவில் நிலக்கரி லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. அது போய் முடியும் வரை அவள் காத்திருந்தாள். நினைவில்லை என்ற சொல் வாய்க்குள்ளேயே இருந்தது, உதட்டைப் பிரித்தால் தானாக விழுந்துவிடும் தூரத்தில். எதிரே இருக்கும் இந்தப் பெண் அதை நம்பமாட்டார். ஆனால் மறுக்கவும் அவரால் முடியாது.

"சொன்னாரு" என்றாள் டெல்ஃபியா. "'டாக்டர் குடுத்த மஞ்சள் மாத்திரை என் காலைத் தின்னுடுச்சு, யாராவது தூக்கி விடுங்கப்பா'ன்னு சொன்னாரு."

"இதே வார்த்தைதானா?"

"இதே வார்த்தைதான்."

"நன்றி மேடம்." திருமதி ப்ரெஸ்காட் பொறிக்காரப் பெண்ணிடம் அந்த வரியை ஒருமுறை திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தாள். உணர்ச்சியே இல்லாத குரலில் அதைக் கேட்டபோது, ஒரு மனிதன் தன் நோய்க்குக் காரணம் கண்டுபிடித்து அறிவித்தது போலவே இருந்தது. தனக்கு வேறு கேள்வி இல்லை என்று திருமதி ப்ரெஸ்காட் காகிதங்களை அடுக்கினார்.

விட் ஐந்து நிமிஷம் இடைவேளை கேட்டான். மாடிப்படி முகப்பில் நின்று, கோபத்தை அடக்கிக்கொண்டு, தான் இனிச் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றான்.

"ஒண்ணு இருக்கு. அவர் அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன பண்ணீங்கன்னு என்னைக் கேளு."

"பதில் என்ன?"

அவள் அவனைப் பார்த்தாள். இங்கே, இந்தப் படிமேல் ஒருமுறை சொல்லிவிட்டால் உள்ளே போய் இன்னொரு முறை தன்னால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"கேளு விட்."

பதில் தெரியாத கேள்வியைக் கேட்கிற வக்கீல் முட்டாள் என்பது அவன் தொழிலில் பாலபாடம். ஆனால் இழப்பதற்கு அவனிடம் இனி எதுவும் மிச்சமில்லை. உள்ளே போனதும் கேட்டான்.

"சிரிச்சேன்" என்றாள் டெல்ஃபியா. "அங்க இருந்த எல்லாருமே சிரிச்சாங்க. பாட்டுப் பாடிக்கிட்டிருந்தவங்ககூட."

"ஏன் சிரிச்சீங்க?"

"அவரு எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவாரு. லாரி ஸ்டார்ட் ஆவலன்னா மாத்திரை. தக்காளி காய்க்கலன்னா மாத்திரை. கோழி முட்டை விடலன்னா அதுக்கும் மாத்திரைதான். மாத்திரை போடப் புடிக்காது, அதனால ஏப்ரல்லேர்ந்து அதுமேலயே பழியைப் போட்டுக்கிட்டிருந்தாரு. அது வேடிக்கைப் பேச்சு. அவரே நம்பல."

"நம்பலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதுதான் அந்தக் கேள்வி. விட்டுக்கு அது தெரியாது. அவன் சும்மா, அடுத்தது கேட்க வேண்டுமே என்று கேட்டான். டெல்ஃபியா சுவர்ப் பக்கம் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"நம்பியிருந்தா மறுநாள் காலையில கையை நீட்டியிருக்க மாட்டாரு. நான்தான் தெனமும் அந்த மாத்திரையை அவரு கையில வச்சேன். அன்னிக்கும் வச்சேன். கையை மூடிக்குவாரு, நான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு உள்ள வைப்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். டிவியில சொல்ற வரைக்கும் வச்சேன். அது அவரைத் தின்னுக்கிட்டிருக்குன்னு எங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தாக்கூட..."

பொறியின் சத்தமும் நின்றது.

திருமதி ப்ரெஸ்காட் தனக்கு ஒரு கேள்வி மட்டும் என்றார். இப்போது குரலில் பழைய மென்மை இல்லை. "அவருக்கு வலி இருக்குன்னு தெரிஞ்சும், அவரு குறை சொல்லியும், நீங்க தொடர்ந்து குடுத்தீங்க. அப்படித்தானே?"

"ஆமா" என்றாள். "குடுத்தேன்."

"அவ சொன்னதுல ஒரு தப்பு இருக்கு."

சுவரோரத்திலிருந்து வந்த குரல். எல்லோரும் திரும்பினார்கள். விட் கையை உயர்த்தித் தடுக்கப் பார்த்தான், ஆர்பின் அவனைக் கவனிக்கவே இல்லை.

"கோழியை நான் சொல்லல. சேவலைத்தான் சொன்னேன். சேவல் சோம்பேறியாயிடுச்சு, என் மாத்திரையைத் திருடித் தின்னிருக்கும்னு சொன்னேன். பாவம், கோழி நல்லாத்தான் முட்டை விட்டுச்சு."

பொறிக்காரப் பெண் இரண்டு வக்கீல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இதைப் பதியவா என்று கேட்டாள். சாட்சி அல்லாதவர் பேசியது, பதிய வேண்டாம் என்று திருமதி ப்ரெஸ்காட் சொல்லியிருக்கலாம். அவர் ஒரு கணம் ஆர்பினைப் பார்த்தார், மேசைமேல் குனிந்திருந்த டெல்ஃபியாவைப் பார்த்தார். "பதிஞ்சுக்கோங்க" என்றார்.

கெடுவைப் பற்றி நீதிபதியின் உத்தரவு வர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. அந்தக் காத்திருப்பில் டெல்ஃபியா இளைத்துப்போனாள். தொலைபேசி அடித்தால் ஓடிப்போய் எடுப்பாள், எடுத்துவிட்டுக் காதில் வைக்காமல் நிற்பாள். கடைசியில் விட் தொலைபேசியில் கூப்பிடவில்லை. டயாலிசிஸ் மையத்துக்கே காரில் வந்துவிட்டான். ஆர்பினின் கையிலிருந்து குழாய்கள் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே நீதிபதியின் உத்தரவைப் படித்தான். வேடிக்கையாகச் சொன்னதை, சொன்னவனே நம்பவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கும்போது, அறிந்திருந்ததாகக் கொள்ள முடியாது. கெடு ஆகஸ்டிலிருந்துதான். வழக்கு நடக்கும். இப்போதைக்கு, இந்த மருந்தே வாதியின் தசைகளையும் சிறுநீரகங்களையும் அழித்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்கிறது.

"அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படி" என்றான் ஆர்பின்.

விட் படித்தான். பிறகு, நேர்மையானவன் ஆகையால், விளக்கினான். இது தீர்ப்பு இல்லை, இந்தக் கட்டத்தில் ஒரு அனுமானம்தான், கம்பெனி இதை ஒருபோதும் ஒத்துக்கொள்ளாது, கடைசியில் சமாதானத்துக்கு வந்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எழுதிக் கையெழுத்து வாங்கும். அவன் சொன்னபடியேதான் பின்னால் நடந்தது. அப்போது கையெழுத்துப் போட டெல்ஃபியா மட்டும்தான் இருந்தாள்.

"அனுமானமோ என்னவோ. ஒரு நீதிபதி எழுதிட்டாரு இல்ல?" என்றான் ஆர்பின். "சாராயம்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப சரி."

விட் போனபிறகும் இயந்திரம் ஓடி முடிய நேரம் இருந்தது. டெல்ஃபியா அவன் காலடியில் போர்வையை இழுத்துச் செருகினாள். அது ஏற்கெனவே செருகித்தான் இருந்தது.

"நான்தான் குடுத்தேன் ஆர்பின்" என்றாள். அந்த மேசையில் அந்நியர்களிடம் சொன்னது வேறு, இது வேறு.

அவன் குழாயில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லையோ என்று அவள் நினைத்தாள்.

"முழுங்கினது நான்தானே" என்றான். "வாயை நீயா பிரிச்ச? வெரலை மட்டுந்தான பிரிச்ச."

தாதி வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். குறைவாக இருக்கிறது, கொஞ்ச நேரம் பேசாமல் படுங்கள் என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். டெல்ஃபியா நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருந்தாள்.